கப்பல் டூருக்குப் பெட்டி கட்டுமுன்

தீபாவளி வியாபாரம் முடிந்து, கணக்குப் பிள்ளை பேரேட்டைத் திறந்து உட்கார்ந்திருக்கும் வேளையில் கம்பெனி சேல்ஸ் ரெப் ஒருவர் சிரித்த முகத்தோடு கடையேறி வருவார். "அண்ணாச்சி, டார்கெட் தாண்டிட்டீங்க. பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி கொடுங்க" என்பார். ஒரு காலத்தில் டார்கெட் முடித்தால் வெள்ளி டம்ளரும் சுவர்க் கடிகாரமும் வந்தன. பிறகு மிக்சி, கிரைண்டர் வந்தன. இப்போது வெளிநாட்டு டூர் வருகிறது. அதிலும் கப்பல் டூர். சிங்கப்பூர் வரை விமானம், அங்கிருந்து மூன்று நான்கு இரவு உல்லாசக் கப்பல், வழியில் பினாங்கு, புக்கெட் என்று திட்டம் போட்டு அழைத்துப் போகிறார்கள். கம்பெனி செலவில் போகிறவர்கள் போக, பிள்ளைகள் வற்புறுத்திச் சொந்தச் செலவில் போகிறவர்களும் நம்மில் உண்டு. 2022 ஜூனில் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே 'எம்ப்ரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டதும், மறு ஆண்டு அது இலங்கைத் துறைமுகங்களுக்குச் சென்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

சிங்கப்பூர்க் கடல்வழி நம் பெரியவர்களுக்குப் புதிதல்ல. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடை வைக்கப் போனவர்களின் பேரன்கள் இன்று நம் சங்கத்தில் இருக்கிறார்கள். 1973 வரை ஓடிய கப்பல் அது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்த அந்தப் பயணிகளுக்கு ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு கூஜாவும் போதுமாயிருந்தன. அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது கடலில் போய்க்கொண்டிருந்தபோது தீப்பற்றிப் பயணிகள் பலர் மாண்டனர். அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் நின்றது. அந்தத் தீயை இங்கே ஏன் நினைவூட்டுகிறேன் என்பது சற்றுப் பின்னால் விளங்கும்.

நானும் என் மனைவியும் அவ்வாறு ஒரு கம்பெனி டூரில் போனோம். போய்வந்த பெருமையைச் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு தப்புச் செய்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரு கெட்டிலால் வந்தது

என் மனைவிக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். விமானத்தில் போகும்போது இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கு அறையின் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிங்கப்பூர் வரை அப்படியே கொண்டுபோனோம். அங்கே ஓர் இரவு ஓட்டலில் தங்கினோம். மறுநாள் காலை பெட்டியை அடுக்கும்போது, "இனி விமானம் இல்லையே, கையில் எதற்குச் சுமை?" என்று சொல்லி மருந்துப் பையைப் பெரிய சூட்கேசுக்குள் வைத்துப் பூட்டியவன் நான்தான். அதே சூட்கேசின் அடியில், விடியற்காலை நான்கரைக்குச் சுக்குக் காபி போட என்று ஊரிலிருந்து கொண்டுபோன சின்ன மின்சாரக் கெட்டில் ஒன்றும் இருந்தது.

துறைமுகக் கட்டடத்தில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு, கேபின் எண் போட்ட சீட்டைக் கட்டி உள்ளே தள்ளிவிட்டார்கள். பெட்டி உங்கள் அறைக்கே வந்துவிடும், நீங்கள் கைவீசிக்கொண்டு ஏறலாம் என்றார்கள். ஏறினோம், சாப்பிட்டோம், மேல்தளத்தில் நின்று துறைமுகம் பின்னால் போவதைப் பார்த்தோம். ஆறு மணிக்கு அறைக்கு வந்தால் பெட்டி இல்லை. ஏழு மணிக்கு அக்கம்பக்கத்து அறைகளின் வாசலில் எல்லாம் பெட்டிகள் வந்து நின்றன. எங்கள் வாசல் மட்டும் காலி.

வரவேற்பு மேஜையில் நீண்ட வரிசை. என் முறை வந்தபோது மணி எட்டு. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்த பெண், எங்கள் பெட்டி பாதுகாப்புப் பிரிவில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்றாள். எக்ஸ்ரேயில் கெட்டில் தெரிந்திருக்கிறது. கீழ்த்தளத்துக்கு வழி கண்டுபிடித்துப் போனால் அங்கே இருபது பெட்டிகள் வரிசையாக நின்றன. பாதி நம் கோஷ்டியின் பெட்டிகள்! ஒன்றில் இஸ்திரிப் பெட்டி, ஒன்றில் ரைஸ் குக்கர், ஒன்றில் காமாட்சி விளக்கும் கற்பூரமும். ஒவ்வொருவராக எங்கள் முன்னாலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, தடைசெய்த பொருளை எடுத்துக்கொண்டு, ரசீது எழுதிக் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் என் முறை முடிந்தபோது மணி ஒன்பதேகால்.

அதுவரை என் மனைவி அந்த அறையில் சாப்பிடாமல், ஊசியும் போடாமல், படுத்துக் கிடந்தாள். நான் பையோடு உள்ளே நுழைந்ததும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கையை நீட்டி மருந்தை வாங்கிக்கொண்டாள். கப்பலில் டாக்டர் உண்டு, வரவேற்பு மேஜையில் 'இன்சுலின்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தாலே என்னை வரிசையில் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது தோன்றவில்லை. கெட்டில் கொண்டுவந்த வெட்கத்தில் வாய் திறக்காமல் நின்றேன்.

கைப்பைதான் முதல் பெட்டி

ஆகவே, கப்பல் டூருக்கு முதலில் கட்ட வேண்டியது சூட்கேஸ் அல்ல, கைப்பை. பெரிய கப்பல் ஒன்றில் மூவாயிரம் பேர் ஏறுகிறார்கள் என்றால் ஐயாயிரம் பெட்டியாவது ஏறும். லாரி ஷெட்டில் ஒரு லோடு இறக்கிக் கடைவாரியாகப் பிரிப்பதற்கே எவ்வளவு நேரம் ஆகிறது என்பது நமக்குத் தெரியாததா? பெட்டி அறைக்கு வர மாலையாகலாம், இரவாகலாம். அதுவரை தேவைப்படும் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

முதலாவது மருந்து. முழுப் பயணத்துக்கும் வேண்டியதோடு மூன்று நாள் அதிகமாக, மருந்துக் கடை அட்டையைப் பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு வையுங்கள். மாத்திரைகளை டப்பாவில் கொட்டிக் கொண்டுபோனால் சுங்கத்தில் இது என்ன என்று கேட்பார்கள். கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, சிலவகைத் தூக்க மாத்திரை ஆகியவற்றுக்குச் சிங்கப்பூரில் முன்அனுமதி வேண்டும். சாப்பிடுகிறவர்கள் ஏஜெண்டிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கடல் குமட்டலுக்கு மாத்திரை உண்டு. குமட்டல் வந்த பிறகு போட்டால் பலன் குறைவு. கப்பல் புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் சில மாத்திரைகள் தூக்கத்தைத் தரும். நம் கடைச் சரக்கான சுக்கும் இஞ்சி மரப்பாவும் பலருக்கு உதவுகின்றன. அறையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

பாஸ்போர்ட், விசா, இன்சூரன்ஸ் தாள், இவற்றின் நகல்கள், கண்ணாடி, செல்போன் சார்ஜர், ஒரு மாற்று உடை, குழந்தைகள் வந்தால் அவர்களுடைய நீச்சல் உடை. இவ்வளவும் கைப்பையில் அடங்கும். பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதமாவது காலம் இருக்க வேண்டும். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா நிலவரத்தைத் தனித்தனியே கேளுங்கள். கப்பலைவிட்டு இறங்கப் போவதில்லை என்றாலும் கேளுங்கள். பாஸ்போர்ட்டைக் கப்பல் அலுவலகமே வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது நகல்தான் கையிருப்பு.

இன்சூரன்ஸ் எடுக்காமல் போக வேண்டாம். கப்பல் டாக்டரின் கட்டணம் நம் ஊர்க் கிளினிக் கட்டணம் போல இருக்காது. நோயாளியைக் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் அந்தச் செலவு டூர் செலவையே தாண்டிவிடும்.

அடுப்பும் விளக்கும் ஏன் ஆகாது?

கெட்டில், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் காயில், ரைஸ் குக்கர், மெழுகுவர்த்தி, ஊதுவத்தி ஆகியவை கப்பல் கேபினில் கூடாது. நம்மவர்களுக்கு இது கெடுபிடியாகத் தோன்றுகிறது. கடையில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடி வந்து தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாம். நடுக்கடலில் தெரு ஏது?

சிதம்பரம் கப்பலை மேலே சொன்னேன். புதுக் கப்பல்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. 2006 மார்ச்சில் கரீபியன் கடலில் 'ஸ்டார் பிரின்சஸ்' என்ற பெரிய உல்லாசக் கப்பலின் பால்கனியில் பற்றிய தீ நூற்றுக்கும் அதிகமான அறைகளுக்குப் பரவியது. ஒரு பயணி இறந்தார். அணைக்காமல் எறிந்த சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையில் சொன்னார்கள். ஒரு சிகரெட் துண்டு!

நாம் 'ஸ்பைக் பஸ்டர்' என்கிற எக்ஸ்டென்ஷன் பலகையும் இதில் சேரும். வீட்டில் ஒரு கம்பியில் மட்டும் மின்சாரம் வரும், மற்றது நியூட்ரல். பல கப்பல்களில் இரண்டு கம்பியிலும் மின்னழுத்தம் இருக்கும். வீட்டுக்கென்று செய்த ஸ்பைக் பஸ்டர் ஒரு கம்பியை மட்டும் துண்டித்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால், அது சூடேறித் தீப்பிடிக்க இடமுண்டு. அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-இல் இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. செல்போன் சார்ஜருக்குத் தடையில்லை. கேபினில் அமெரிக்கத் தட்டைக் கால் பிளக்கும் ஐரோப்பிய இரட்டை உருண்டைக் கால் பிளக்கும் பொருந்தும் துளைகளே பெரும்பாலும் இருக்கும். நம் மெல்லிய இரண்டு கால் சார்ஜர் ஐரோப்பியத் துளையில் ஏறிவிடும், மூன்று கால் பிளக் ஏறாது. நூறு ரூபாய் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பவர் பாங்க் எடுத்துச் செல்வோர் விமானத்தில் அதைக் கையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் கூடாது.

நம் கடைச் சரக்கிலேயே சில ஆபத்தானவை இருக்கின்றன. கொப்பரை விமானத்தில் ஏறாது. ஈரப்பதம் மிகுந்த கொப்பரை மூட்டை தானே சூடேறுவதைக் குடோனில் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கற்பூரமும் அப்படித்தான், எளிதில் பற்றும் சரக்கு. கசகசாவை நாம் குருமாவுக்கு அரைக்கிறோம். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்புத் துறையின் அனுமதியில்லாமல் உள்ளே வரக் கூடாத பொருள். அங்கே இருக்கும் உறவினர் ஆசையாகக் கேட்டார் என்று கால் கிலோ கட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். மெல்லும் புகையிலை, குட்கா, இ-சிகரெட் எதுவும் சிங்கப்பூருக்குள் கூடாது. சாதாரண சிகரெட்டுக்கும் அங்கே வரிவிலக்கு இல்லை, ஒரு பாக்கெட்டானாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். சூயிங்கம் 1992 முதல் தடை.

வீட்டில் செய்த புளியோதரை, சப்பாத்தி வகைகளைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். கம்பெனி சீல் போட்ட பிஸ்கட், மிக்சர் பாக்கெட்டுகளைப் பல கப்பல்களில் அனுமதிக்கிறார்கள். கவலைப்பட வேண்டாம், சிங்கப்பூரிலிருந்து போகும் கப்பல்களில் இந்தியச் சைவச் சாப்பாடு கிடைக்கிறது. முன்பே சொல்லிவைத்தால் வெங்காயம், பூண்டு இல்லாமலும் தருகிறார்கள். எங்கள் கோஷ்டியில் ஒருவர் சீல் போட்ட பருப்புப் பொடிப் பாக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே மூன்று நாளும் சாப்பிட்டார். பக்கத்து மேஜையில் இருந்த சீனக் குடும்பமும் கேட்டு வாங்கிச் சுவைத்தது. வியாபாரி எங்கே போனாலும் சாம்பிள் கொடுக்காமல் இருக்க மாட்டார்! ஆனால் கப்பல் விருந்தில் எடுத்த ஆப்பிளைக் கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். பழம், விதை விஷயத்தில் துறைமுகங்கள் கண்டிப்பானவை.

உடை

கேபின் நம் கடையின் பின்கட்டு அறை அளவுகூட இருக்காது. பெரிய முரட்டுப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழேதான் தள்ள வேண்டும், மெத்தென்ற துணிப் பெட்டி வசதி. நான்கு நாளைக்கு ஆளுக்கு ஏழெட்டு ஜோடித் துணி எதற்கு? பகலுக்குச் சாதாரணப் பருத்தி உடை, இரவுச் சாப்பாட்டுக்கு முழுக்கால் சட்டையும் காலர் வைத்த சட்டையும், பெண்களுக்கு இரண்டு நல்ல புடவை அல்லது சுடிதார். அரைக்கால் சட்டையோடு சில சாப்பாட்டுக் கூடங்களில் இரவில் விட மாட்டார்கள்.

வேட்டி கட்டிக்கொண்டு போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். பொது மன்றங்களில் வேட்டியைத் தடுக்கக் கூடாது என்று 2014-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. வெளிநாட்டுக் கப்பலில் அந்தச் சட்டம் செல்லாது. ஆனாலும் பட்டுக்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக நான் போனபோது யாரும் தடுக்கவில்லை, இரண்டு பேர் கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேல்தளக் காற்றில்தான் ஆபத்து. பெல்ட் இல்லாமல் அங்கே போக வேண்டாம்.

நீச்சல் குளத்தில் நீச்சலுக்கென்று தைத்த துணிக்கு மட்டுமே அனுமதி. உள்ளே ஏசி குளிர் அதிகம், பெரியவர்களுக்குச் சால்வையும் காலுறையும் வேண்டும். தளம் ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்பு கொண்டுபோங்கள். உயிர்காப்புச் சட்டை எதையும் வாங்கிப் போக வேண்டாம், கப்பலிலேயே இருக்கிறது. இத்தாலியக் கடற்கரையில் 2012 ஜனவரி 13 அன்று 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகளுக்கு அவசரப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. இப்போது கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே பயிற்சி நடத்த வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்த நேரத்தில் பஃபே வரிசையில் நிற்காமல் போய்க் கேளுங்கள்.

அடுத்து, ஒரு சோப்புக் கட்டி. கை கழுவும் திரவம் எங்கும் வைத்திருக்கிறார்கள் என்றாலும், கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ் என்கிற வாந்தி-பேதிக் கிருமி அந்த ஆல்கஹால் திரவத்துக்குச் சரியாகச் சாவதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் மேல். கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி நான்கு கொண்டுபோனால் துண்டும் பையும் மாட்டலாம். துணிக் கிளிப், மடிக்கும் பை, கொஞ்சம் சணல் கயிறு. இவற்றை நம் கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம். விமானத்துக்குப் போகுமுன் சூட்கேசைக் கடைத் தராசில் தூக்கி வைத்து எடை பாருங்கள். ஏர்போர்ட்டில் பெட்டியைப் பிரித்துப்போட்டுத் தவிக்கும் கூட்டத்தில் நம் வியாபாரிகள் நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. எடை போடுவதுதானே நம் தொழில்?

பணமும் நகையும்

கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியாக ஓர் அட்டை தருவார்கள், வாங்குவதெல்லாம் அதில் பற்று எழுதப்படும். தொடக்கத்தில் கிரெடிட் கார்டைப் பதிந்துவிட வேண்டும், அல்லது ரொக்கம் முன்பணம் கட்ட வேண்டும். கடனுக்குச் சரக்கு கொடுத்துப் பழகிய நமக்கு இந்தப் பற்று வழக்கத்தின் ஆபத்து தெரியும். தினமும் ஒருமுறை பில்லைக் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் அதில் ஏறும். கம்பெனி டூராக இருந்தால் அதை யார் கட்டுவது என்று ஊரிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கடைசி நாள்தான் தெரிந்தது.

இந்தியாவிலிருந்து ஆளுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் இந்திய நோட்டு கொண்டுபோகக் கூடாது. வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்குப் பொதுவாக 3,000 அமெரிக்க டாலர் வரை வாங்கலாம், மீதியைக் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். நகை குறைவாகப் போடுங்கள். கனமான நகை போட்டே ஆக வேண்டும் என்றால், புறப்படும்போது விமான நிலையச் சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அது வெளிநாட்டில் வாங்கியது அல்ல என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

கடையை விட்டுப் போகும்போது

இது பெட்டியில் வைக்கும் பொருளல்ல. ஆனாலும் நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் பெரிய சுமை. கரையைவிட்டுச் சில மணி நேரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும். கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் போன் தானாகச் சேர்ந்துகொண்டால் ரோமிங் கட்டணம் மூச்சு முட்டும். ஏறியதும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். வைஃபைக்குத் தனிக் கட்டணம். ஆக, ஜி.எஸ்.டி. கணக்குக்கோ பேங்குக்கோ ஓடிபி உங்கள் போனுக்கு வருகிறதென்றால் அந்த நாட்களில் வேலை நின்றுவிடும். மாதாந்திர ரிட்டர்ன் கட்டும் 20-ஆம் தேதி பயணத்துக்குள் வந்தால் முன்பே கட்டிவிட்டுப் புறப்படுங்கள். இ-வே பில் போடும் பொறுப்பைப் பையனிடமோ கணக்குப் பிள்ளையிடமோ தனி லாகின் கொடுத்து ஒப்படையுங்கள். எங்கள் கோஷ்டியில் ஒருவருக்கு லோடு ஒன்று செக்போஸ்ட்டில் நின்ற செய்தி, பினாங்கில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. மனிதர் பினாங்கில் ஒன்றையும் பார்க்கவில்லை, போனும் கையுமாகத் துறைமுகத்திலேயே நின்றார்.

கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால், தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி பின்னால். புக்கெட்டில் இறங்கினால் செல்போன் தாய்லாந்து நேரத்துக்குத் தானே மாறிவிடும். கப்பலோ தன் நேரத்திலேயே இருக்கலாம். கப்பல் என்ன நேரம் சொல்கிறதோ அதைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொண்டு கரையிறங்குங்கள். தாமதமாக வந்தவருக்காகக் கப்பல் நிற்காது.

கடைசி இரவு பெரிய பெட்டிகளைக் கட்டி, இரவே அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலையில் துறைமுகத்தில் எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் கைப்பை நினைவிருக்கட்டும். எங்கள் கோஷ்டியில் ஓர் அன்பர் எல்லாத் துணியையும் உள்ளே வைத்துப் பூட்டி வெளியே அனுப்பிவிட்டு, காலையில் லுங்கியும் பனியனுமாக அறைக்குள் நின்றார். என் வேட்டியைக் கொடுத்தேன். சட்டை வேறொருவருடையது. அவரை அழைத்துக்கொண்டு, ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு, என் கெட்டிலைத் திரும்ப வாங்கக் கீழ்த்தளத்து வரிசைக்குப் போனேன். மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் மனைவியும் கூடவே வந்தாள்.